கிழக்கு மேட்டில் ஒரு ஜோடி

நான் கேட்காத பறவையைக் கேட்டதாக எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று வருஷம். கீழே டெஸ்மண்ட் பார்கெட்டர் என்று முழுப் பெயரும் போட்டு, தேதியும் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படித்து, பிறகு யாரும் ஏமாற வேண்டாம்.

எங்கள் ஃபெர்ன்ஹோல்ட் நகரம் பிறந்து ஏழு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அது பார்லி வயல். இப்போது அறுநூறு வீடு. கூரையெல்லாம் சூரியத் தகடு, சுவருக்குள் செம்மறி ரோமம், வீட்டுக்கு வீடு பின்னால் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சுகிற ஒரு பெட்டி, நாள் பூராவும் உறுமிக்கொண்டு. காரை ஊருக்கு வெளியே கொட்டகையில் விட்டுவிட்டு நடந்துதான் உள்ளே வர வேண்டும். தெருக்களுக்கெல்லாம் பறவைகளின் பெயர். நான் குடியிருப்பது ஆட்காட்டித் தெரு ஏழாம் எண். ஒரு ஆட்காட்டியைக்கூட அங்கே நான் பார்த்ததில்லை. குருவி கூடு கட்டட்டும் என்று ஒவ்வொரு சுவரிலும் துளை விட்ட செங்கல் ஒன்று வைத்திருக்கிறார்கள். என் வீட்டுத் துளையில் குளவி இருக்கிறது.

ஊருக்குக் கிழக்கே ஒரு மேடு உண்டு. புல்லும் முள்செடியும் தவிர ஒன்றும் கிடையாது. நகரத்துக்கு அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். அந்த மேட்டில் ஒரு ஜோடி வானம்பாடியாவது கூடு கட்டிக்கொண்டிருக்கும் வரை அங்கே இரண்டாம் கட்ட வீடுகள் வரக் கூடாது. தொடர்ந்து மூன்று வருஷம் ஒன்றுகூட இல்லையென்றால் நிபந்தனை காலாவதி. அதே பத்தியில் அடுத்த வரி, நிபந்தனை இருக்கும் வரை ஊரில் யாரும் பூனை வளர்க்கக் கூடாது. வானம்பாடி தரையில் கூடு கட்டுகிற பறவை, பூனைக்குத் தட்டில் வைத்த சாப்பாடு. நாய்க்குத் தடை இல்லை. நாயைத் தடுத்தால் இந்த நாட்டில் ஒரு வீடு விற்காது. அதனால் காலையும் மாலையும் எழுபது எண்பது நாய்கள் அந்த மேட்டை மிதித்துத் துவைத்துக்கொண்டு ஓடும். பின்னால் அவற்றின் எஜமானர்கள், பூனை எவ்வளவு கொடூரமான பிராணி என்று பேசிக்கொண்டு நடப்பார்கள்.

பறவை எண்ணுகிற வேலை எனக்கு. சம்பளமில்லை. நான் ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் சிக்னல் கேபினில் இருந்தவன். மணியோசையைத் தப்பாகக் கேட்டால் இரண்டு ரயில் மோதும். அதனால் என் காதை எல்லோரும் நம்பினார்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நான்கு காலை மேட்டில் நடந்து, கேட்டதை எழுதித் தர வேண்டும். முதல் வருஷம் ஐந்து ஜோடி. அடுத்த வருஷம் மூன்று. அதற்கடுத்து ஒன்று. நான்காம் வருஷம் நான்கு காலையும் நடந்தேன். கடைசிக் காலையில் கால் நொடி ஏதோ கேட்டது மாதிரி இருந்தது. சூட்டுப் பெட்டியின் உறுமலாகக்கூட இருக்கலாம். 'ஒரு ஜோடி' என்று எழுதினேன்.

ஐந்தாம் வருஷம் அந்தக் கால் நொடியும் இல்லை. ஆனாலும் எழுதினேன், ஆறாம் வருஷமும் எழுதினேன். இல்லை என்று எழுதினால் மேடு போய்விடும், எண்ணூறு வீடு வரும். பறவைக்காகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லாத பறவைக்காக. என் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அந்த மேடுதான் தெரியும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எது எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் எண்ணுக்கு ட்ரான்டர் தம்பதி வந்தது இரண்டு வருஷம் முன்பு. கென்னுக்கு அறுபத்தாறு வயது. கால்நடைச் சந்தையில் ஏலம் விடுகிறவராக இருந்தவர். ஒரு மூச்சில் நூறு சொல் வருமாம். பக்கத்து மாவட்டத்திலிருந்து மாடு வாங்காதவர்கள்கூடக் கேட்க வருவார்களாம். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, கூடவே பேச்சும் போனது. சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் எங்கள் ஊர்க் கதவுகள் இருக்கின்றன என்றுதான் அவர் மனைவி ஹிலரி இங்கே வீடு வாங்கினாள்.

பேச்சு முழுக்கப் போகவில்லை. ஒரு சொல் மிச்சமிருந்தது. 'பில்சர்ட்'. தகர டப்பாவில் அடைத்து வருகிற மத்தி மீனுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அவர்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பூனைக்கும் அதுதான் பெயர். கென் அந்தப் பூனையைப் பார்த்துக் கூப்பிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவை வாய் திறந்தாராம். அப்புறம் எல்லாவற்றுக்கும் அதே சொல். டீ வேண்டும், பில்சர்ட். ஜன்னலை மூடு, பில்சர்ட். ஏழு விதமான பில்சர்ட் இருக்கிறது என்பாள் ஹிலரி. "அந்தச் சொல்லை விட்டுடாதீங்க, பூனையை மடியிலேயே வெச்சிருங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு மத்த சொல்லும் வரும்" என்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சொல்லியிருந்தாள்.

ஹிலரி கடைக்குப் போகும்போது நான் போய் கென்னோடு உட்காருவேன்.

"என்னடா கென், உங்க ஊர் டீம் நேத்து நாப்பது ரன்னுக்குச் சுருண்டுடுச்சாமே. எங்க வீட்டுக் குளவிகூட அதைவிட நல்லா ஆடும்."

"பில்சர்ட்!" என்பார் கென். அது என்ன கெட்ட வார்த்தை என்று யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மடியில் இருக்கிற பூனை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

பூனைத் தடை பற்றி ஹிலரிக்குத் தெரியாது. பத்திரத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அது இருக்கிறது. வீடு வாங்குகிற யார் அவ்வளவு தூரம் படிக்கிறார்கள்? எனக்குத் தெரியும், அவர்கள் வந்த முதல் வாரமே பூனையைப் பார்த்தும்விட்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே போகாத பூனை, யாருக்கு என்ன என்று இருந்துவிட்டேன்.

இந்த வருஷம் மார்ச்சில் யாரோ ஒருவர் ஒன்பதாம் எண் ஜன்னலைப் படம் எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் போட்டார். கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இரண்டு காது. கீழே 'ஒரு சின்ன, அன்பான நினைவூட்டல்' என்று எழுதி ஒரு பச்சை இலைப் படம். எங்கள் ஊரில் அன்பான நினைவூட்டல் என்று ஆரம்பித்தால் வீட்டைப் பூட்டிக்கொள்வது நல்லது.

மறுநாள் காலை, குடியிருப்போர் கமிட்டித் தலைவி பிப்பா ஸ்டாலார்ட் வந்தாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"ஹிலரி டார்லிங், இதைச் சொல்றதுக்கே எனக்குச் சங்கடமா இருக்கு."

"வெளியில நின்னு என்ன பேச்சு, உள்ள வாங்க. டீ போடறேன்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்... சரி, அரைக் கப்."

தூக்கில் போட வந்தவனுக்கும் டீ போட்டுக் கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்கிற ஜாதி நாங்கள். பிப்பா கெட்டவள் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

"எனக்கும் பூனைன்னா உசிரு. என்னோடதை அம்மா வீட்டுல விட்டுட்டுத்தான் இங்க வந்தேன். ஒருத்தருக்கு விட்டுக் கொடுத்தா அப்புறம் அறுநூறு வீட்டுக்கும் விட்டுக் கொடுக்கணும், பாருங்க."

"பில்சர்ட்" என்றார் கென், அவளைப் பார்த்து, மரியாதையாக.

"என்ன சொல்றார்?"

"பிஸ்கட் எடுத்துக்கச் சொல்றார்" என்றாள் ஹிலரி.

பிப்பா பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு அழுதாள். டாக்டரிடம் கடிதம் வாங்கித் தாருங்கள், கமிட்டியில் வைத்துப் பார்க்கிறேன், ஆனால் மேட்டில் பறவை இருக்கிறதென்று டெஸ் எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அதுதான் இடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். இருபத்தோரு நாள் கெடு.

இரண்டு நாள் கழித்து நான் தோட்டத்தில் இருந்தேன். ஹிலரி வேலிப் பக்கமாக வந்து நின்றாள். துணி உலர்த்துகிற கிளிப் ஒன்றைக் கையில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"டெஸ், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"அந்த மேட்டுல நெஜமாவே பறவை இருக்கா?"

எனக்கு நேரம் இருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கு அடுத்து நான் சொல்ல வேண்டியதெல்லாம் கண் முன்னால் வந்தது. மூன்று வருஷக் கையெழுத்து, ஊர்க் கூட்டம், என் ஜன்னலுக்கு எதிரே கிரேன்.

"இருக்கு. ஒரு ஜோடி."

"நீங்க உங்க காதால கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படி இருக்கும் அது? நான் டவுன்ல பொறந்தவ, கேட்டதே இல்ல."

முதல் வருஷம் கேட்டதை நினைவிலிருந்து எடுத்துச் சொன்னேன். "தரையிலேருந்து நேரா மேல ஏறும். ஏறும்போதே பாடும். மூச்சே விடாது. கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போனாலும் சத்தம் மட்டும் கொட்டிக்கிட்டே இருக்கும். ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது."

ஹிலரி சிரித்தாள். பல மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "எங்க கென் ஏலம் விட்ட மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப சரி" என்றாள். கிளிப்பை வேலியில் மாட்டினாள். "கடைசி ஜோடின்னா, ஒரு பூனைக்காக அதை அழிக்கக் கூடாது, இல்லையா? டாக்டர் லெட்டரெல்லாம் வேண்டாம். ரகளை பண்றதுக்கு எனக்கு வராது. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, டெஸ். யாரோ ஆபீஸ்காரன் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன், ஏற்கெனவே கழுவியவற்றையே.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போதே அவள் விலங்குக் காப்பகத்துக்குப் போன் செய்துவிட்டாள். ஒரு பெண் கூடையோடு வந்து பூனையை எடுத்துப் போனாள். கென் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்; ஹிலரி அந்த நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தாள். எழுந்ததும் மடியைத் தடவிவிட்டு, "பில்சர்ட்" என்று கூப்பிட்டார். ஹிலரி டீ கொண்டுவந்தாள். அவர் கோப்பையை இடது கையால் தள்ளிவிட்டார். டீ கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லுக்கு அதன் சொந்த அர்த்தம் மட்டும் இருந்தது.

ஒன்பது நாள் கூப்பிட்டார். எங்கள் ஊர்ச் சுவர் கெட்டியானது, ரோமம் அடைத்தது, பக்கத்து வீட்டுச் சத்தம் ஊசியளவும் வராது என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எனக்குக் கேட்டது. காலையில் கெஞ்சலாக, மதியம் அதட்டலாக, சில சமயம் சந்தையில் மாட்டை மேடையேற்றும்போது கூப்பிடுகிற மாதிரி கம்பீரமாக. பத்தாம் நாள் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு டீக்கும் இல்லை, ஜன்னலுக்கும் இல்லை. நான் போய் உட்கார்ந்து அவர் டீமைத் திட்டிப் பார்த்தேன், அவர் மதிக்கிற நாட்டு ராணியைத் திட்டினேன், கடைசியில் அவரையே திட்டினேன். என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சிப் பெண் வந்து பார்த்துவிட்டு ஹிலரியைத் தனியே அழைத்து, இனி வருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனாள். "பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம்" என்றாள் ஹிலரி என்னிடம். எங்களுக்கு உலகம் இடிந்து விழுந்தாலும் இந்த இரண்டு வார்த்தைதான் வரும்.

மே மாதம் ஒரு காலை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹிலரி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். கென்னின் கழுத்தில் மப்ளர், முழங்காலில் கம்பளி. பாதி தூரத்தில் நின்று, பிரேக் போட்டுவிட்டு, அவர் காதை மூடியிருந்த தொப்பியை மேலே தள்ளிவிட்டாள். இருபது நிமிஷம் இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய்கள் ஓடின. மறுநாளும் போனார்கள், அதற்கு மறுநாளும்.

தெருவில் என்னைப் பார்த்தபோது சொன்னாள். "இன்னிக்குக் காத்து அதிகம், அதான் கேக்கலை போல. உங்களுது ரயில்வே காது, எங்களுது சாதாக் காதுதானே."

"ஆமாம், காத்துதான்" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை சின்னப் பொய்கள் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கே காப்பகத்துக்குப் போன் செய்தேன். பூனையை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும், என் வீட்டில் ஒளித்து வைத்தாவது கென்னிடம் காட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். போனில் வந்தவர் கனிவாகப் பேசினார். நாற்பது மைல் தள்ளி ஒரு நல்ல குடும்பத்துக்குக் கொடுத்தார்களாம். இரண்டாம் நாளே ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டதாம். ஏழு வாரமாகத் தேடுகிறார்களாம்.

"அப்படிச் சில பூனைங்க பழைய வீட்டைத் தேடிக்கிட்டுக் கெளம்பிடும் சார். ரோட்டைத் தாண்டணும், அதான் கஷ்டம்" என்றார்.

பறவை போனது, பூனை போனது, கென்னின் ஒரே சொல்லும் போனது. மிச்சம் இருந்தது என் பொய்யும் அது காத்துக்கொண்டிருந்த புல்லும். ஜூன் மாதத் தாளில் 'இல்லை' என்று எழுதினேன். முந்தைய மூன்று வருஷமும் இல்லை, நான் எழுதியது பொய் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தேன். ஹிலரி அங்கே இல்லை. கென்னைத் தனியே விட்டுவிட்டு அவளால் வர முடியாது.

கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிப்பா வெள்ளையாக வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பின் வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, "அப்ப இனிமே பூனை வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். இன்னொருவர், எண்ணூறு வீடு வந்தால் கார்க் கொட்டகை போதுமா என்றார். அதைப் பற்றித்தான் மீதி ஒரு மணி நேரமும் பேசினார்கள். நிபந்தனை காலாவதியானது. ஆகஸ்டில் அனுமதி வந்தது. இப்போது மேட்டில் முளைக்குச்சி அடித்து ஆரஞ்சு நாடா கட்டியிருக்கிறார்கள், என் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது. தெருவில் ஏழெட்டுப் பூனை உலாவுகிறது.

ஆனால் கூட்டத்துக்கு மறுநாள் காலை நான் ஒன்பதாம் எண்ணுக்குப் போனேன். வேறு யாராவது சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்த ஒரு விஷயத்திலாவது ஆண்பிள்ளையாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

கதவு திறந்தே இருந்தது. ஹிலரி கென்னுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பளி முழங்காலில் இருந்தது.

"வாங்க டெஸ், நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னிக்குக் காத்தே இல்ல, கவனிச்சீங்களா? இன்னிக்குக் கேட்டுடும்னு தோணுது. நீங்களும் வாங்களேன், எந்தப் பக்கம் காது குடுக்கணும்னு காட்டுங்க."

நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்காமல், வருஷம் வருஷமாகச் சொன்னேன். வேலியருகே அவள் கேட்ட அன்றும் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பூனையைத் திரும்ப வாங்கப் பார்த்ததையும், அது காணாமல் போனதையும் சொன்னேன். அவள் கை மப்ளரின் முடிச்சில் அப்படியே இருந்தது.

"அப்ப ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா."

அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, கென்னைத்தான் பார்த்தாள்.

"தினமும் இவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உங்க பேச்சு எங்கேயும் போகல கென், அது மேல இருக்கு, அங்க ஒருத்தன் உங்களை மாதிரியே மூச்சு விடாம பேசிக்கிட்டு இருக்கான், அவனுக்காகத்தான் நாம பூனையைக் குடுத்தோம்னு. அதைச் சொல்லித்தான் நானும் இருந்தேன், டெஸ். இதையாவது எங்கிட்ட விட்டு வெச்சிருக்கலாமே நீங்க."

மன்னிப்பு என்ற சொல் வாய் வரை வந்தது. அதை அவளிடம் கேட்பது இன்னும் ஒன்றை அவளிடமிருந்து பிடுங்குவது போல இருந்தது.

அவள் மப்ளரை அவிழ்த்தாள். கம்பளியை எடுத்து நான்காக மடித்து நாற்காலியின் முதுகில் போட்டாள். கென்னுக்கு ஏதோ புரியவில்லை. இது வெளியே போகிற நேரம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். இடது கையை நீட்டி, திறந்திருந்த கதவைக் காட்டினார். வாய் திறந்தது, உதடு கூடியது, சத்தம் வரவில்லை. கதவைக் காட்டிய கையை மட்டும் இறக்காமல் வைத்திருந்தார்.

"இன்னிக்குப் போகல, கென்" என்றாள் ஹிலரி.